நாய் விழுங்கிய பொத்தான்

1896 டிசம்பர் 9 அன்று பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த வால்டர் கேனனும் சக மாணவர் ஆல்பர்ட் மோசரும் ஒரு நாயை முத்துச்சிப்பிப் பொத்தான் ஒன்றை விழுங்க வைத்தார்கள். ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பொத்தான் உணவுக்குழாய் வழியே இறங்குவதை ஒளிரும் திரையில் இருவரும் பார்த்தார்கள். விழுங்கிய பொருள் உயிருள்ள உடம்புக்குள் எப்படிப் பயணம் போகிறது என்பதை மனிதக் கண் நேராகப் பார்த்த ஆரம்பக் காட்சிகளில் அது ஒன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கேனன் பூனைகளின் தீனியில் பிஸ்மத் கலந்து கொடுத்து இரைப்பையின் அசைவுகளை வரைந்தெடுத்தார். இன்று மனிதர்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் வெள்ளை பேரியக் கரைசல் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த நாய்க்கு ஒரு நோயும் இல்லை. ஒன்றுமில்லாத நாயைக் கொண்டுவந்து பொத்தானை விழுங்க வைத்தார்கள். தானாகவே பொத்தானை விழுங்கிவிட்டு வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும் ஒரு நாய்க்குட்டி, தன் பொருட்டு அதே கதிருக்கு முன் நிற்க, நான் வேலை பார்த்த ஊர்களில் அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. என் கால்நடை மருத்துவத் தொழிலின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். குடலடைப்பைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்ததில் பெரும்பங்கு நாயின் வயிற்றைக் கிழித்து அறிந்தது. அந்த அறிவு மனிதனிடம் போய், வெகுகாலம் தங்கிவிட்டு, கடைசியாகத்தான் நாயிடம் திரும்பியது.

எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தேன். பிறகு ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை. ஓய்வுக்குப் பின் மதுரையில் சின்னதாக ஒரு கிளினிக். மாடும் ஆடும்தான் சோறு போட்டன. ஆனால் "எதையோ முழுங்கிருச்சு டாக்டரம்மா" என்று ஒருவர் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தால், மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும்.

பழைய ஆங்கில நூல்களில் நாய் வயிற்றில் கிடக்கும் அந்நியப் பொருளைப் பற்றித் தேடினால், சிகிச்சையைவிட வெறிநோயைப் பற்றிய பேச்சே அதிகம் கிடைக்கும். லண்டனில் நாய் மருத்துவம் பார்த்த வில்லியம் யூவாட் 1845-ல் நாய்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதற்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். வெறிபிடித்த நாய் வைக்கோல், முடி, மரச்செதில், சாணம் என்று கண்டதையும் தின்னும். செத்த நாயை அறுத்துப் பார்க்கையில் வழக்கமான தீனி ஏதுமில்லாமல் இப்படிப்பட்ட குப்பை இரைப்பையில் கிடந்தால், அது வெறிநாய்தான் என்பதற்கு வலுவான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியும் இல்லை. மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்ய உதவும் நெக்ரி துகள்களை இத்தாலியின் அடெல்கி நெக்ரி கண்டது 1903-ல்தான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பல் முளைக்கும் வயதில் குட்டி எதையும் கடிக்கும். அதன் 28 பால் பற்கள் நான்காம் மாதவாக்கில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்து சேரும். ஈறு ஊறும் அந்தக் காலத்தில் மெத்தைப் பஞ்சு, கட்டில் கயிறு, விறகுச் சிராய் எல்லாம் உள்ளே போகும். அப்படியொரு குட்டி குடலடைத்துச் செத்து, சாவதற்கு முன் வலியில் வீட்டுப் பிள்ளையைக் கடித்தும் வைத்திருந்தால், வயிற்றில் கிடந்த பஞ்சு அந்தக் குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. இந்தியாவில் கசௌலியில் 1900-லும் நம் குன்னூரில் 1907-லும் பாஸ்டர் நிலையங்கள் வந்த பிறகு ஊசியாவது கிடைத்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் ஊர்ப் பிள்ளைகளை மிரட்டிய, ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தத் தடுப்பு மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-ல்தான் நிறுத்தியது.

இதே குழப்பத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதுதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்று நினைக்கிறேன். வெறிநோயில் ஊமை வெறி என்ற, வாயடைத்துப்போகும் வகை ஒன்று இருக்கிறது. குரைப்பும் கடியும் அடங்கி, தாடை தொங்கி, தொண்டைத் தசை செயலிழந்து, எச்சில் நூலாக வடியும். பார்ப்பவருக்கு எலும்பு சிக்கிய நாய் மாதிரியே இருக்கும். வீட்டுக்காரர் பாசத்தில் தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவுவார். விரலில் ஒரு கீறல் போதும். வேப்பேரியில் எங்களுக்கு மருத்துவம் எடுத்த பேராசிரியர், வாய் திறந்தபடி வரும் நாயை நோயாளி என்று பார்க்கும் முன் வெறிநாய் என்று பார் என்பார். அதன் பிறகு எந்தக் குட்டியின் வாயில் கை வைக்கும் முன்பும் நான் கேட்கும் முதல் கேள்வி எலும்பைப் பற்றியது அல்ல. தெருநாய் கடித்ததா, பத்து நாளாகக் குணம் மாறியதா, தண்ணீர் குடிக்கிறதா என்பவைதான். எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் வாயைப் பிராண்டும். தண்ணீரைக் குடிக்க முயன்று திரும்பக் கக்கும். தாடையை மூடத் தெரியும். ஊமை வெறியில் தாடை மூடாது.

நாய் இவ்வளவு காலம் ஏன் பின்வரிசையில் நின்றது என்பதற்குக் காரணம் எளிது. இங்கே கால்நடை மருத்துவக் கல்வி நாய்க்காக வரவில்லை. குதிரைப் படைக்காகவும், மாட்டைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்த வெக்கை நோய்க்காகவும் வந்தது. லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893 என்று பள்ளிகள் எழுந்தன. சென்னையில் 1903 அக்டோபர் 1 அன்று, வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. 1936-ல் இந்தியாவிலேயே முதலாவதாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு வந்ததும் இங்கேதான். அதற்கு முன் படித்தவர்கள் ஜி.எம்.வி.சி. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். குதிரையின் குளம்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். நாய் என்றால் துரை வீட்டு நாய்தான், அதற்கும் விளக்கெண்ணெய்.

விளக்கெண்ணெயை நான் கிண்டல் செய்யவில்லை. நம் வீடுகளில் மீன் முள் தொண்டையில் சிக்கினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வோம், இல்லையென்றால் வாழைப்பழம். அதையே நாய்க்கும் செய்தார்கள். ராஜபாளையத்தில் வேட்டைநாய் வளர்த்த வீடுகளில், நாய் கூர்மையான எலும்புத் துண்டை விழுங்கிவிட்டது தெரிந்தால் கம்பங்கூழை நிறையக் குடிக்க வைத்து, மேலுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். இரைப்பைக்குப் போய்விட்ட சிறு எலும்புக்குக் கூழ் கெடுதல் இல்லை. சொல்லப்போனால் கூர்முனையைச் சுற்றிக்கொண்டு போகும். எலும்பை நாயின் இரைப்பை அமிலம் சில நாளில் கரைத்துவிடும். ஆனால் குடல் அடைபட்டிருக்கும்போது விளக்கெண்ணெய் கொடுத்தால், போகாத பொருளைப் போ போ என்று குடல் நெருக்கி, கடைசியில் கிழியும். எது எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் கொடுப்பதில்தான் ஆபத்து. அன்று அதைத் தெரிந்துகொள்ள விரலைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாந்தி எடுக்க வைப்பதும் அப்படித்தான். 1869-ல் மார்ஃபினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி அபோமார்ஃபின் எடுத்தார்கள். நாய்க்கு ஊசியாகப் போட்டால் சில நிமிடத்தில் இரைப்பை காலி. மேலைநாட்டு நாய் மருத்துவர்களின் பையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது இருந்தது. எங்கள் மருந்தக அலமாரியில் ஒருநாளும் இருந்ததில்லை. மக்கள் உப்பைக் கரைத்து ஊற்றினார்கள்; இன்றும் ஊற்றுகிறார்கள். வாந்தி வராவிட்டால் அவ்வளவு உப்பும் இரத்தத்துக்குப் போய், குட்டிக்கு வலிப்பு கண்டு, விழுங்கிய பொருளைவிட வைத்தியம் சீக்கிரம் கொன்றுவிடும். ஊசி, முள், பிளேடு, அமிலம், பேட்டரி என்றால் எந்த முறையிலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது ஒரு தடவை கிழித்தது ஏறும்போது இன்னொரு தடவை கிழிக்கும்.

இனி வயிற்றைத் திறக்கும் கதை. இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அதிகம் கசக்கும் பகுதியும்.

குடலைத் தைத்தால் ஏன் ஒழுகுகிறது என்பது பல நூற்றாண்டுக் கேள்வி. பிரெஞ்சுக்காரர் அந்துவான் லாம்பேர் 1826-ல் விடை சொன்னார்: குடலின் வெளிப்பரப்பும் வெளிப்பரப்பும் ஒட்டும்படி ஓரங்களை உள்ளே மடித்துத் தை. அறுவை அறைகளில் அவர் பெயரால் அந்தத் தையல் இன்றும் வழங்குகிறது. 1887-ல் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் நாய்களின் குடலை வெட்டி வெட்டித் தைத்துப் பார்த்து, ஊசி எந்த அடுக்கைப் பிடித்தால் தையல் நிற்கும் என்று காட்டினார். உள்சவ்வுக்கும் தசைக்கும் நடுவில் மெல்லிய, வெளுத்த ஓர் அடுக்கு இருக்கிறது, உறுதியெல்லாம் அதில்தான். ஊசி அந்த அடுக்குக்குள் போகும்போது விரலுக்கு ஒரு தடை தெரியும். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தடையைத்தான். ஹால்ஸ்டெட்டின் நாய்கள் சொல்லிக்கொடுத்தது என்றும் சேர்த்துச் சொல்வேன்.

1912-ல் நியூயார்க்கில் ஹார்ட்வெல், ஹோகே என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். குடல் அடைபட்டவர்கள் ஏன் சாகிறார்கள் என்பது அப்போது பெரிய வாதம். அடைப்புக்கு மேல் தேங்கிய மலத்தின் நஞ்சு இரத்தத்தில் கலப்பதால்தான் என்று பலர் நம்பினார்கள். இவர்கள் நாய்களின் மேல்குடலை வேண்டுமென்றே கட்டி அடைத்துவிட்டு, தோலுக்கடியில் நிறைய உப்புநீர் ஏற்றினார்கள். அடைப்பை எடுக்காமலேயே அந்த நாய்கள் எதிர்பார்த்ததைவிட வெகுநாள் உயிரோடிருந்தன. சாவுக்குக் காரணம் வாந்தியில் போன நீரும் உப்பும்தான் என்பது அதிலிருந்து துலங்கத் தொடங்கியது. 1923-ல் ஹேடன், ஓர் என்ற இருவர், அதுவும் நாய்களில்தான், இரத்தத்தில் குளோரைடு விழுவதை அளந்து காட்டினார்கள்.

இன்று தெருமுனைக் கிளினிக்கில்கூட வாந்தியெடுக்கும் குட்டிக்கு முதலில் டிரிப் ஏற்றுகிறோம். அடைப்பு நாயை நேராகக் கத்திக்குக் கொண்டுபோகாமல், சில மணி நேரம் உப்புநீர் ஏற்றி, பொட்டாசியம் சரிசெய்து, நாடி நிதானப்பட்ட பிறகுதான் மயக்க மருந்து கொடுக்கிறோம். அந்த ஒழுங்கு நாய்களிடமிருந்து வந்தது. வந்த வழியில் மனித மருத்துவமனைகளில் அரை நூற்றாண்டு குடியிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் மருந்தகத்தில் இருந்த சலைன் பாட்டில்கள் மாட்டுக்கு வந்தவை. நாய்க்குட்டிக்கு எடுத்தால் பதிவேட்டில் கன்றுக்குட்டி என்று எழுத வேண்டியிருக்கும் என்று எங்கள் கம்பவுண்டர் சிரிப்பார்.

மயக்க மருந்து இன்னொரு தடை. ஈதர் 1846-லும் குளோரோஃபார்ம் 1847-லும் மனிதர்களுக்கு வந்துவிட்டன. குளோரோஃபார்ம் நாய்க்கு ஆகாது, இதயம் நின்றுவிடும் என்ற பயம் வெகுகாலம் இருந்தது. லண்டனில் ஃபிரெடரிக் ஹாப்டே அதை அளந்து கொடுத்துப் பழகி, 1900-ல் நாய், பூனை அறுவைக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1930-களில் நரம்பில் ஏற்றும் பார்பிட்யூரேட்டுகள் வந்த பிறகே சாதாரண மருத்துவர் நிதானமாக வயிற்றைத் திறக்க முடிந்தது. எங்கள் காலத்து மருந்து தயோபென்டோன். அதைச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு ஏற்றும்போது கை நடுங்கும். அந்த மருந்து மூளையை விட்டு இறங்கித் தசையிலும் கொழுப்பிலும் தங்கினால்தான் நாய் விழிக்கும். இந்த வேட்டைநாய்களுக்கு விலா எலும்பின் மேல் தோல்தான், கொழுப்பு ஏது? பொமரேனியன் எழுந்து வாலாட்டும் நேரத்துக்கு வெகுநேரம் பின்னாலும் இது தலை தொங்கிக் கிடக்கும். வீட்டுக்காரர் வாசலில் நின்று சாமியை வேண்டிக்கொண்டிருப்பார். கிரேஹவுண்டு நாய்களைப் பற்றி மேலைநாட்டு நூல்கள் எழுதிய எச்சரிக்கையை ராஜபாளையம் பக்கத்தில் நாங்கள் வீட்டுக்கு வீடு பார்த்தோம்.

எக்ஸ்ரே நாய்க்கு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. ராண்ட்ஜன் கண்டறிந்த மறு ஆண்டே, 1896-ல், பெர்லினில் ரிச்சர்ட் எபர்லைனும் லண்டனில் அதே ஹாப்டேயும் விலங்குகளைப் படம் எடுத்துவிட்டார்கள். எடுத்தது குதிரைக் கால். மறுபடி குதிரை! எங்கள் பக்கம் வட்டார மருந்தகங்களில் எக்ஸ்ரே என்ற பேச்சே கிடையாது. மனிதர்களுக்குப் படம் எடுக்கும் கடைக்குத்தான் நாயைத் தூக்கிக்கொண்டு போவோம். ராத்திரி கடைசி நோயாளி போன பிறகு, பின்வாசல் வழியாக. டெக்னீஷியன் நல்லவர், ஒரே நிபந்தனை, குரைக்கக் கூடாது. ஃபிலிம் உறையில் நோயாளி பெயர் எழுதியாக வேண்டுமே. "ராஜா, ஆண், 5 மாதம்" என்று எழுதுவார். பெட்டை நாய் என்றால் "ராணி." கட்டணம் கைக்குழந்தைக்கு வாங்குவதுதான். ஈய ஏப்ரன் ஒன்றுதான் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு குட்டியின் காலை நான் பிடிப்பேன், வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுவோம்.

படத்தில் எது தெரியும், எது தெரியாது என்பதில் நம் நாட்டுக்கென்றே சில சங்கதிகள் உண்டு. எங்கள் தலைமுறையின் சில்லறைக் காசு அலுமினியம். சதுர ஐந்து காசு, அலைவிளிம்புப் பத்து காசு, அறுகோண இருபது காசு. குட்டி காசை முழுங்கிவிட்டது, வீட்டுப் பையன் கண்ணால் பார்த்தான், படத்தில் ஒன்றுமில்லை. ஏனென்றால் அலுமினியத்தின் அணு எண் 13, எலும்பிலுள்ள கால்சியத்துக்கு 20. கதிரை அது அவ்வளவாகத் தடுக்காது. முதுகெலும்பு நிழலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் சுத்தமாகக் காணாமல் போகும். விளிம்பு நம் பக்கம் திரும்பியிருந்தால் மட்டும் ஒரு மங்கல் கோடு. பழைய நிக்கல் கலந்த ரூபாய்க் காசும் பின்னால் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசும் பளிச்சென்று விழும். சின்ன அலுமினியக் காசு பெரும்பாலும் தானாகவே பின்வழியில் வந்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

மாங்கொட்டைக்கு அந்த ஆறுதல் இல்லை. சித்திரை, வைகாசியில் வந்த அடைப்புக் குட்டிகளில் நான் முதலில் சந்தேகப்பட்டது அதைத்தான். சாறு ஒட்டிய கொட்டையைப் பிள்ளைகள் திண்ணையில் போடுவார்கள். குட்டி நக்கும், யாராவது பிடுங்க வருவார்கள், அவசரத்தில் முழுங்கிவிடும். நாயின் உணவுக்குழாய் நெகிழ்ந்து கொடுக்கும். கழுத்து மார்புக்குள் நுழையும் இடத்திலும், இதயத்துக்கு மேலேயும், உதரவிதானத்துக்கு முன்னும்தான் சிக்கும் இடங்கள். அதைத் தாண்டிவிட்டால் இரைப்பையில் வாரக்கணக்கில் கிடக்கும். அவ்வப்போது ஒரு வாந்தி, பிறகு விளையாட்டு, பிறகு வாந்தி. ஒருநாள் சிறுகுடலுக்குள் நுழைந்து இறுகும். அதன் பிறகு மஞ்சள் வாந்தி நிற்காது, மலம் வராது, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வலியில் நிற்கும். நாரும் மரத்தோடும் ஆன கொட்டை எக்ஸ்ரேயில் சரியாக விழாது. அப்போது கொட்டையைத் தேடாமல் காற்றைப் பார்க்க வேண்டும். அடைப்புக்கு மேலே குடல் காற்றால் உப்பும். ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரத்தை அளந்து, குடலின் குறுக்களவு அதைப்போல் 1.6 மடங்குக்கு மேல் போனால் அடைப்பைச் சந்தேகி என்று தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு கணக்கு வந்தது. அதற்கு முன் கண்ணளவுதான். பாதி அடைப்பாக வெகுநாள் இருந்தால் அதன் முன்னே பொடிக்கற்கள் சேர்ந்து சரளை போலத் தெரியும். அதுவும் ஒரு துப்பு.

நம் வீடுகளின் இன்னொரு தனிச்சொத்து பூச்சரம். வாழைநாரில் கட்டிய காலத்தில் பெரிய பயம் இல்லை, நார் ஊறிப் பிய்ந்துவிடும். நூலிலும் பிறகு நைலான் இழையிலும் கட்டத் தொடங்கியதும் கதை மாறியது. வாடிய மல்லிகைச் சரத்தைக் குட்டி தின்னும். நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையின் வாசலிலோ சிக்க, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் அதன்மேல் ஏறி ஏறிப் பாவாடைக் கொசுவம்போல் சுருங்கும். இறுகிய நூல் குடலின் உள்மடிப்பை அறுத்துக்கொண்டே போகும். பின்வழியில் தொங்கும் நூலை வீட்டில் யாராவது இழுத்துவிட்டால் முடிந்தது. குட்டியின் நாக்கைத் தூக்கி அடியில் பார்க்காமல் பரிசோதனை முடிந்தது என்று சொல்லக் கூடாது என்பேன், பூனை என்றால் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன்.

இதற்கிடையில் எண்பதுகளில் பார்வோ வந்து எல்லாவற்றையும் குழப்பியது. 1978-ல் உலகெங்கும் திடீரென்று பரவிய அந்த வைரஸ் சீக்கிரமே சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வாந்தியெடுக்கும் குட்டி என்றாலே பார்வோ, டிரிப் போடு என்ற பழக்கம் பிடித்துக்கொண்டது. ரப்பர் பந்தோடு கிடந்த எத்தனை குட்டிகள் பார்வோ என்ற பெயரில் போயிருக்குமோ. போதாக்குறைக்கு, பார்வோவில் குடல் கலங்கி ஒரு துண்டு இன்னொரு துண்டுக்குள் நுழைந்துகொள்வதும் உண்டு; அதுவும் கைக்கு உருளையாகத் தட்டுப்படும், அதுவும் அடைப்புதான். மலத்தைச் சொட்டுவிட்டுப் பார்க்கும் பரிசோதனைக் கிட் வந்த பிறகு கொஞ்சம் தெளிவு. கிட்டில் கோடு விழுந்தது என்பதற்காக வயிற்றில் பந்து இல்லை என்று ஆகிவிடாது.

லாப்ரடார் அலை வந்தபோது பெருந்தீனி ஒரு இனத்தின் குணம் என்று கண்டோம். சாக்ஸ், பால் பாக்கெட், கறிக்கடைப் பை, ஷாம்பு சாஷே, குழந்தையின் டயாப்பர், எதுவும் விலக்கில்லை. 2016-ல் கேம்பிரிட்ஜில் காரணத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை. சாப்பிட்டது போதும் என்ற செய்தி சரியாகப் போவதில்லை. வளர்ப்பவர்கள் பழக்கம் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தது பாதி அநியாயம்.

கத்தியில்லாமல் எடுக்கும் வழிக்கும் ஒரு சுற்றுப்பாதை உண்டு. 1868-ல் ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டையில் நேரான குழாயை இறக்கி இரைப்பையை எட்டிப் பார்த்தார். குழாய் வளைய வேண்டுமென்றால் ஒளியும் வளைய வேண்டும். 1954-ல் லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், கண்ணாடி இழைக் கற்றையின் வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று காட்டினார்கள். அதை வைத்து மிஷிகனில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் குழாய் செய்து, 1957-ல் முதலில் தன் தொண்டையிலேயே இறக்கினார். எழுபதுகளில் மேலைநாட்டு நாய்களுக்கு அது கிடைக்கத் தொடங்கியது. இரைப்பையில் கிடக்கும் காசை, மோதிரத்தை, எலும்பைக் கொக்கியாலோ வலையாலோ பிடித்து இழுத்துவிடலாம். குட்டி மாலையில் வீட்டுக்குப் போய்விடும். வயிற்றைத் திறந்தால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை தையல் ஒழுகுமோ என்று நானும் தூங்க மாட்டேன்.

இன்று வேப்பேரியிலும் பெரிய நகரங்களின் தனியார் கிளினிக்குகளிலும் நாய்க்கு எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், சி.டி. எல்லாம் கிடைக்கின்றன. சிவகாசியிலிருந்தோ சாத்தூரிலிருந்தோ அங்கே போய்ச் சேர ஆகும் நேரமும் பணமும்தான் புதிய அடைப்பு. அதிலும் பட்டன் பேட்டரி என்றால் நேரமே கிடையாது. ரிமோட்டுக்குள் இருக்கும் 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் கசியவே வேண்டாம்; ஈரச் சவ்வில் மின்சாரம் ஓடி, ஓரத்தில் காரம் உண்டாகி, ஓரிரு மணி நேரத்துக்குள் சதையை எரித்துவிடும். எக்ஸ்ரேயில் அது காசு மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரியும். அந்த இரட்டை வளையத்தைப் பார்த்துவிட்டால் காலை வரை காத்திருக்கலாம் என்ற பேச்சில்லை.

எங்கள் ஊர்களிலிருந்து இளம் மருத்துவர்கள் இப்போது படத்தைக் கைப்பேசியில் அனுப்பிக் கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள், என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வயிற்றைத் தடவிப் பார்த்தாயா? குட்டியை நிற்கவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும், முன்னங்காலை ஒருவர் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை. தூக்கினால்தான் விலாவுக்குள் ஒளிந்திருக்கும் குடல் கைக்கு இறங்கிவரும். சிலர் பார்த்திருப்பார்கள். சிலர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் மேடம் என்பார்கள். மாம்பழ சீசன் முடியும் வரை அவர்களோடு எனக்குச் சண்டைதான்.